இருபத்தேழாம் மாதிரி

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைத் தேநீரைக் குடித்து முடித்ததும், கேதீஸ்வரி டீச்சர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேசைமேல் பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை விரிப்பார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று பிஸ்கட் தகரங்கள் வெளியே வரும். அவற்றைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. உள்ளங்கை அளவான மஞ்சள் நிறக் கருவியை எடுத்து, எந்தப் பொருளும் அருகில் இல்லாதபடி ஜன்னல் விளிம்பில் தனியே வைத்துப் பத்து நிமிடங்கள் காத்திருப்பார். கருவி மெல்லிய ஓசையில் 'டிக்' என்னும். சற்றுப் பொறுத்து மறுபடி 'டிக்' என்னும். சில வேளை இரண்டு சேர்ந்து வரும். சில வேளை மறந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மௌனம் நீளும். மண்ணிலிருந்தும் சுவரிலிருந்தும் வானத்திலிருந்தும் எல்லார்மீதும் எப்போதும் பெய்துகொண்டிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத தூறல் அது. அந்தத் தூறலை முதலில் குறித்துக்கொள்ளாமல் எதையும் அளக்கக்கூடாது என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு. கோடிட்ட அப்பியாசக் கொப்பியில் திகதியையும், மழையா வெயிலா என்பதையும், பத்து நிமிடச் சராசரியையும் எழுதுவார். பெரும்பாலும் பூச்சியம் தசம் ஒன்று ஒன்பது. பொகவந்தலாவைக் கடைத்தெருவில், நஸாருடைய இரும்புக்கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு அதுதான் வழக்கமான எண்.

கல்லிலும் கண்ணாடியிலும் ஒளிந்திருக்கும் கதிர்வீச்சை எண்ணிச் சொல்லும் கைகர் கருவி அது. நான்கு வருடங்களுக்கு முன், அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன சேலை வேண்டும் என்று கனடாவிலிருந்து தங்கை யோகராணி கேட்டபோது, சேலை வேண்டாம், இது வேண்டும் என்று எழுதி வாங்கியது. "உனக்கு விசர்தான் அக்கா" என்று தங்கை தொலைபேசியில் சிரித்தாலும் அனுப்பிவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து விஞ்ஞான ஆசிரியையாக இந்த மலைக்கு வந்து இருபத்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. கரும்பலகையில் எத்தனையோ முறை அணுவை வரைந்து அழித்திருந்த அவர், அது தம் காதுக்குக் கேட்கும்படி பேசியதை அந்தக் கருவி வந்த அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அதைப் பேசவைக்கும் பொருட்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மின்சாரம் வராத காலத்தில் விற்று மிஞ்சிய பெற்றோல்மக்ஸ் விளக்கின் வலைத்திரிகளை நஸார் தம் கடைப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். துரை பங்களா ஒன்றின் பழைய சாமான்களோடு வந்த, முட்கள் பச்சையாய் ஒளிரும் மணிக்கூடு கிடைத்தது. ஒரு பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. பேருவளைக் கடற்கரையின் கரிய மணல் ஒரு பொட்டலம் வந்தது. செய்தி தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் பரவியதும், ஆற்றோரத்திலும் மாணிக்கக் குழிகளின் ஓரத்திலும் கிடந்த கற்களை அவர்கள் சட்டைப்பைகளில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். "டீச்சர், இது பாடுமா?" என்று கேட்பார்கள். பாடாத கல்லைக் கொண்டுவந்த பிள்ளையின் முகம் வாடிவிடக்கூடாது என்பதற்காக, அதற்கும் ஓர் இலக்கம் போட்டுத் தகரத்தில் வைப்பார்.

மூன்றாவது தகரத்தின் அடியில் ஒரு சிறிய மருந்துப் புட்டி இருந்தது. இருபத்தேழு என்று இலக்கமிட்ட அதை மட்டும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் திறப்பதில்லை. கொப்பியில் இருபத்தேழுக்கு எதிரே ஒரு திகதி இருந்தது. அளவு எழுதவேண்டிய இடம் வெறுமையாயிருந்தது. உள்ளே இருந்தது நெல்லிக்காய் அளவான கறுப்புக் கல். எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்து, இரத்தப் புற்றுநோயால் இறந்துபோன வினோதாவின் கல். அந்தக் கல்லைப் பற்றி அவர் ஒரே ஒரு வாக்கியந்தான் சொல்லியிருந்தார். அது கூடாத கல் என்று. அந்த வாக்கியம் ஒரு வீட்டை இரண்டாகப் பிளந்து இரண்டு வருடங்கள் ஆகப்போகின்றன.

கருவி மௌனமான ஒரு திங்கட்கிழமை, பாடசாலை விட்டு வந்ததும் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போனார். நஸார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டிருந்தார்.

"எனத்த டீச்சர், கல்லுப் பொட்டிக்குத் தொண்டை கட்டிருச்சா?"

"பற்றரி கசிஞ்சிட்டுது போல, நஸார். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் பஞ்சில் வினாகிரியைத் தொட்டுப் பச்சைப் பூஞ்சணம் பிடித்த உலோகத் தகட்டைத் துடைத்தார். புதிய பற்றரியைப் போட்டதும் கருவி இரண்டு முறை 'டிக்' என்று சொல்லி உயிர்பெற்றது. அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இதுக்குப் பின்னுக்கு மூடி ஒன்னு ஈக்கணுமே டீச்சர். திருகாணி ஓட்டை நாலும் சும்மா ஈக்கி."

"அது நான்தான் கழட்டி வைச்சிட்டன். இந்த வலைத்திரியெல்லாம் சரியான மெல்லிசாத்தான் பேசும். மூடி இல்லாட்டித்தான் கேக்கும்."

"அப்ப சாமான் என்னமோ அதேதான். இது மட்டும் கூடக் காட்டும்." நஸார் சிரித்தார். "எங்கட வாப்பா காலத்துல கடையில ஒருத்தன் நின்டான். சீனி நிறுக்கச் சொல்ல பெருவிரல தராசுத் தட்டுல வச்சிக்கிட்டே நிறுப்பான். களவுக்கு இல்ல டீச்சர், பழக்கம். விரல் அங்க ஈக்கிறதே அவனுக்குத் தெரியாது. ஒரு நாளக்கி வாப்பா அவன்ட கையப் புடிச்சித் தூக்கிட்டு முள்ளக் காட்டினார். பேயறஞ்ச மாதிரி நின்டான்."

டீச்சரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் இடறியது. அது என்னவென்று புரிவதற்கு முன் நஸார் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

"ஆ, சொல்ல மறந்துட்டேன். மேல் டிவிசன் பொன்னையா வந்தார். தகரப் பொட்டிக்குப் பூட்டு வேணும்டு. வர்ற சனிக்கிழம மகள்ட ரெண்டாவது தெவசமாம். அது முடிஞ்ச அடுத்த நாளே கொழும்புக்குப் போறாராம், கட்டட வேலைக்கு. எப்ப வருவீங்கன்டு கேட்டேன். வாறதுக்கு எனத்துக்கு நஸார் பாய், அந்த வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வச்சே ரெண்டு வருசமாச்சேங்கிறார். இன்னமும் ஸ்தோப்புலதான் படுக்கிறாராம், பாவம். பொஞ்சாதி ஒரு சொல்லுப் பேசுறதில்லயாம். ஏசுறதுமில்லயாம். ஏசினாலாவது பரவாயில்லங்கிறார்."

டீச்சர் கருவியை வாங்கிக்கொண்டு படியேறினார். படிகளில் பாதியில் நின்றார். வினோதாவின் வீட்டுக்குப் போன அன்றும் மூடி இருக்கவில்லை.

அன்று கருமாதி. வகுப்பாசிரியை என்ற முறையில் அவர் போயிருந்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் நான்காவது வீடு. முன்னால் ஸ்தோப்பு எனப்படும் குறுகிய முன்தாழ்வாரம், உள்ளே காம்பரா என்கிற ஒரே அறை. வந்தவர்கள் போய்விட்ட பிறகு, வினோதாவின் தாய் மீனம்மா சுவரில் சாய்ந்தபடி, அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்: "இந்த லயத்துல எத்தனை புள்ளைங்க இருக்கு டீச்சர். எம்புள்ளைக்கு மட்டும் ஏன்?" டீச்சர் தலைகுனிந்தார். குனிந்து, நகர்ந்து, வினோதாவின் புத்தகங்கள் இருந்த பலகைத் தட்டின் அருகே உட்கார்ந்தார். பழக்கத்தால் எப்போதும் பையிலேயே இருந்த கருவி அப்போதுதான் இரையத் தொடங்கியது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் இரைந்தது. அவர் அதை எடுத்துத் தட்டின் வழியே நகர்த்தினார். பேனைகளுக்கு அருகில், காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு கறுப்புக் கல்லின்மீது அதை அழுத்தி வைத்தபோது திரையில் நாற்பத்தொன்று என்று எண் ஏறியது. பூச்சியம் தசம் ஒன்று ஒன்பதுக்குப் பழகிய கண்கள் அந்த எண்ணைப் பார்த்தன.

"அது நான் கொண்டாந்து குடுத்தது டீச்சர்" என்றார் வினோதாவின் தகப்பன் பொன்னையா வாசலிலிருந்து. வேலையில்லாத நாட்களில் அவர் பள்ளத்தாக்கிலுள்ள மாணிக்கக் குழிகளுக்குக் கூலிக்குப் போவார். சரளையைக் கூடையில் அரிக்கும்போது, விலைபோகாத இந்தக் கனத்த கறுப்புக் கற்களை எல்லாரும் வீசிவிடுவார்கள். "பளபளன்னு இருந்துச்சு. ஆசையா வச்சிருந்துச்சு புள்ள."

"இதைப் பிள்ளையின்ர தலைமாட்டிலயோ வைச்சிருந்தனீங்கள்?" என்று கேட்டார் டீச்சர். மீனம்மா எழுந்து வந்து எண்ணைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "என்ன டீச்சர் அது?" என்றாள். "இது கூடாத கல்லு, மீனம்மா. நான் கொண்டுபோறன்" என்றார் டீச்சர். அவ்வளவுதான். மீனம்மா மெல்லத் திரும்பி வாசலில் நின்ற தன் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டபோதே டீச்சர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மாலை பொன்னையாவின் சாப்பாட்டுக் கோப்பை வாசற்படிக்கு வெளியே வைக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் தோட்டத்துப் பிள்ளைகளின் கற்களெல்லாம் ஆற்றில் வீசப்பட்டன. "பாடுமா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு அதன் பிறகு ஒருவரும் வரவில்லை.

அறைக்குள் வந்து தேடியபோது, பொத்தான்கள் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் மூடி கிடந்தது. கருவியோடு வந்த நான்கு பக்கத் துண்டுப்பிரசுரத்தையும் தேடி எடுத்தார். காட்டப்படும் அளவு மூடி பூட்டப்பட்ட நிலையில் மாத்திரமே பொருந்தும் என்ற வரியின் கீழே சிவப்பு மையால் கோடிடப்பட்டிருந்தது. கோடிட்டது அவரேதான், கருவி வந்த அன்று. மூடி இல்லாத கருவி, ஒரு விரலைக்கூடத் தாண்ட முடியாத பலவீனமான கதிர்களையும் சேர்த்து எண்ணிவிடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வலைத்திரிகளுக்கு எதிரே 'மூடியின்றி' என்று ஒவ்வொரு முறையும் கவனமாக எழுதியிருந்தார். எழுதாமல் விட்டது ஓர் இடத்தில் மட்டும்.

இரண்டு வருடங்களில் முதன்முறையாகப் புட்டியைத் திறந்தார். மூடியைப் பூட்டிக் கல்லின்மேல் வைத்தார்: ஆறு. ஒரு முழம் தள்ளி வைத்தார். பிறகு, அந்தப் பலகைத் தட்டுக்கும் பிள்ளை தலைவைத்துப் படுத்த இடத்துக்கும் இருந்த தூரத்தை நினைவிலிருந்து எடுத்து, தரையில் அடிக்கோலால் மூன்று அடி அளந்து, அங்கே வைத்தார். பத்து நிமிடங்கள். டிக். மௌனம். டிக், டிக். பூச்சியம் தசம் இரண்டு இரண்டு. ஜன்னலோரத்து வெறுமைக்கும் அதற்கும் இடையே இருந்த வித்தியாசம், மழை பெய்யும் நாளுக்கும் பெய்யாத நாளுக்கும் இடையே இருப்பதைவிட அதிகமில்லை. அவர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். கல் அந்தத் தட்டில் இருந்த இரண்டு வருடங்கள். ஒவ்வொரு இரவும் பத்து மணித்தியாலம். இந்த மலையின் மண்ணும் வானமும் எவருக்கும் இரண்டு மாதத்தில் கொடுக்கும் அளவுகூட வரவில்லை. பிள்ளை கையில் வைத்து விளையாடியிருந்தால்? அதையும் தாராளமாகவே கூட்டிப் பார்த்தார். அப்படியும் ஒரு கொடிய நோய்க்குக் காரணமென்று அந்தக் கல்லை எந்தப் படித்த மனிதரும் கைகாட்ட முடியாது. அவர் கைகாட்டியிருந்தார்.

எல்லாவற்றையும்விட அவரை வருத்தியது வேறொன்று. அன்று அந்த இரைச்சலைக் கேட்டபோது, முதல் கணத்தில் அவர் மனத்தில் எழுந்தது துயரமல்ல, மகிழ்ச்சி. இரண்டு வருடமாகத் தேடிய வலிமையான மாதிரி கடைசியில் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி. பதினாறு நாட்களுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் மகிழ்ந்திருந்தார். அந்த மகிழ்ச்சியின் கண்ணுக்கு மூடி தெரியவில்லை.

சிறுபிள்ளைகளுக்குச் சொல்லும் ஆந்தைக் கதை ஒன்று உண்டு. பல பறவைகள் வாழ்ந்த மரமொன்றில், காற்றடித்த ஒரு நாள் மைனாவின் கூடு விழுந்து குஞ்சு இறந்தது. இருட்டிலும் பார்க்கத் தெரிந்த ஆந்தையிடம் போய், எதனால் விழுந்தது என்று தாய் மைனா கேட்டது. ஆந்தை பார்த்திருக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு, பார்க்கவில்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை. கீழ்க்கிளைதான் அசைந்தது என்றது. அன்று முதல் எந்தப் பறவையும் கீழ்க்கிளையில் உட்காரவில்லை. பூவும் பிஞ்சும் இருந்தும் அந்தக் கிளை தனியாக நின்றது. ஆந்தை தன் பொந்திலிருந்து நாள்தோறும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் பிள்ளைகள், ஆந்தை ஏன் போய் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பார்கள். பெரியவர்கள் கேட்பதில்லை.

செவ்வாயும் புதனும் கடந்தன. தம் மானத்துக்காக மட்டும் டீச்சர் தயங்கவில்லை. அந்தத் தயக்கம் இருந்தது. பயந்தாங்கொள்ளித்தனமான அதை அவர் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டார். ஒதுக்க முடியாதது மற்றொன்று. மீனம்மா இரண்டு வருடமாக அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். தேயிலைக் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறும்போதும், பிள்ளையின் சீருடையை மடித்துப் பெட்டியில் வைக்கும்போதும், ஏன் என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி அந்தச் சுவரில் சாய்ந்து, எம்புள்ளைக்கு மட்டும் ஏன் என்று முதலிலிருந்து கேட்கவேண்டும். பிள்ளையை இழந்தவளிடமிருந்து காரணத்தையும் எடுத்துக்கொள்ள எவருக்கு உரிமை? இப்படி யோசித்துக்கொண்டே வியாழக்கிழமையும் போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைத்தெருவில் பொன்னையாவைக் கண்டார். கற்பூரமும் வாழைப்பழமும் வாங்கியிருந்தார். டீச்சரைக் கண்டதும் வழக்கம்போல் ஒதுங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, தவறு செய்த பிள்ளை அதிபர் முன் நிற்பதுபோல் நின்றார். இரண்டு வருடமாக அவர் அப்படித்தான் நின்றுகொண்டிருக்கிறார் என்பதும், அதைத் தாம் மரியாதை என்று எண்ணியிருந்ததும் அப்போதுதான் டீச்சருக்கு விளங்கின.

சனிக்கிழமை காலை, மழைக்கால மூட்டம் தேயிலைச் செடிகளின் இடுப்புவரை இறங்கியிருந்தது. முச்சக்கரவண்டி போகக்கூடிய தூரம்வரை போய், மிச்சத்துக்குப் படியேறினார். லயத்தில் பெரும்பாலானோர் கொழுந்துக்குப் போயிருந்தார்கள். நான்காவது வீட்டு ஸ்தோப்பில், சுருட்டிய பாய்க்கும் புதுப் பூட்டு மாட்டிய தகரப்பெட்டிக்கும் இடையே பொன்னையா உட்கார்ந்திருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க டீச்சர். உள்ள போங்க. அவ இருக்கா."

"நான் உள்ளுக்கு வரேல்லை, பொன்னையா. இதிலயே இருக்கிறன். மீனம்மாவைக் கூப்பிடுங்கோ."

பொன்னையா கூப்பிடவில்லை. தகரக் கதவை விரலால் இருமுறை தட்டினார். அந்த வீட்டில் அழைப்பது அப்படி ஆகியிருந்தது. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி மீனம்மா வந்து படிக்கு உள்ளேயே நின்றாள். அவளுக்குப் பின்னால், பெட்டியின்மேல் வினோதாவின் படம், செவ்வந்தி மாலை, இன்னும் ஏற்றப்படாத குத்துவிளக்கு. அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது. வரும் வழியெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்த வசனங்கள் எதுவும் டீச்சருக்கு நினைவு வரவில்லை.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை, மீனம்மா."

"என்னைக்கு டீச்சர்?"

"கருமாதியண்டு. அது கூடாத கல்லெண்டு சொன்னனான். அது பிழை. அந்தக் கல்லாலை பிள்ளைக்கு ஒண்டும் வரேல்லை. அதுக்கு அந்தப் பெலன் கிடையாது. நான் அளந்த விதம் பிழை."

பையிலிருந்து புட்டியை எடுத்து, கல்லை ஸ்தோப்பின் விளிம்புக் கட்டின்மேல் வைத்தார். மூடியிட்ட கருவியை மூன்றடி தள்ளித் தகரப்பெட்டியின்மேல் வைத்தார். டிக். நெடிய மௌனம். டிக். பொன்னையா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனம்மா பார்க்கவில்லை.

"அன்னைக்கும் இப்பிடித்தான் இந்தப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்தீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னைக்குச் சொன்னது பொய்யின்னா, இன்னைக்குச் சொல்றது மட்டும் நெசமா டீச்சர்?"

"பெட்டி அண்டைக்கும் பொய் சொல்லேல்லை. அதுக்கு மூடியைப் போடாமல் வைச்சதும் நான்தான். சரியா அளந்து பாக்க முந்தி வாயைத் திறந்ததும் நான்தான்." டீச்சர் நிறுத்தினார். இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. "இன்னொண்டும் சொல்லவேணும். அண்டைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனை எனக்குச் சந்தோசமா இருந்தது, மீனம்மா. நல்ல கல்லொண்டு கிடைச்சிட்டுதெண்டு. உங்கட வீட்டுக்குள்ள இருந்துகொண்டு. அந்தச் சந்தோசத்திலதான் கண் தெரியேல்லை."

சோற்றுப்பானை பொங்கி நெருப்பில் வடிந்து சீறியது. மீனம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப எதுனால டீச்சர்?"

"தெரியாது."

"டாக்டருங்களுக்கு?"

"அவைக்கும் தெரியாது, மீனம்மா. ஒருதருக்கும் தெரியாது."

"ரெண்டு வருசமா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றாள் அவள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே மூட்டத்துக்குள் எங்கோ கொழுந்து எடுக்கும் பெண்களைக் கங்காணி கூப்பிடும் குரல் கேட்டு ஓய்ந்தது. கருவி தன் பாட்டில் ஒன்றும் இரண்டுமாக எண்ணிக்கொண்டிருந்தது. டீச்சர் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

பொன்னையா பேசத் தொடங்கியபோது கல்லைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "குழியில எல்லாரும் வீசிட்டாங்க டீச்சர். நான்தான் பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு வந்தேன். புள்ளைக்குக் கறுப்புன்னாப் புடிக்கும். கறுப்புத்தான் அழுக்குத் தெரியாதுன்னு சொல்லும்."

"அது கல்லுக்குச் சொன்னது இல்ல."

மீனம்மாதான். தரையைப் பார்த்தபடி சொன்னாள். பொன்னையா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"சப்பாத்துக்குச் சொன்னது" என்றாள் மீனம்மா. "ஸ்கூலுக்கு வெள்ளச் சப்பாத்து வேணாம், லயத்து சேத்துல நாளைக்கு ரெண்டு தரம் கழுவணும், கறுப்பு வாங்கித் தரச் சொன்னிச்சு. வெள்ளதான் போடணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்கன்னு நீதான் ஏசுன."

"ஏசல" என்றார் பொன்னையா. "சும்மா சொன்னேன்."

"ஏசுன. அது அழுதுச்சு. அடுத்த நாளுதான் கல்லக் கொண்டாந்து குடுத்த."

பொன்னையா தோளில் கிடந்த துவாயின் நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் மட்டும் அசைந்தன. டீச்சர் முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெள்ளைச் சப்பாத்து விதியைக் காலைக்கூட்டத்தில் வாசித்ததும் அவர்தான்.

மீனம்மா எழுந்து உள்ளே போனாள். பானையை இறக்கும் சத்தம் கேட்டது. இலை விரிக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதைப் பொன்னையாவிடம் நீட்டவில்லை. இரண்டு வருடமாகச் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவந்த அதே வாசற்படியில், ஆனால் இம்முறை உட்புற ஓரத்தில், அதை வைத்துவிட்டு விளக்கின் பக்கமாகப் போய் நின்றாள்.

பொன்னையா தீப்பெட்டியைப் பார்த்தார். பிறகு முற்றத்தில் மலைநீர் விழும் பீலிக்குப் போய்க் கால்களைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார், ஒரு காலை மற்றக் காலால் தேய்த்து, மறுபடியும் நீரில் பிடித்தார். சாரத்தை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்து, படியருகே ஒரு கணம் நின்று, குனிந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுவிய பாதங்களின் ஈரம் சிமெந்துத் தரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்தது.

ஸ்தோப்புக் கட்டின்மேல் இருந்த கல்லை யாரும் எடுக்கவில்லை. டீச்சரும் எடுக்கவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து திறந்த கதவுக்கூடாக விளக்கும் அதன் முன் குனிந்த முதுகும் தெரிந்தன. அந்த மலையின் ஈரத்தில் தீக்குச்சிகள் நமத்துப்போயிருந்தன. முதல் குச்சி தலை உதிர்ந்து விழுந்தது. இரண்டாவது பற்றியது, வாசல் வழியே வந்த குளிர்காற்றில் சாய்ந்து, நீலமாகிச் சுருங்கியது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. கொழுந்துச் சாயம் ரேகைகளில் கறுத்து ஊறிய கை. அது விளக்கையும் தொடவில்லை, அவரையும் தொடவில்லை. காற்று வரும் பக்கமாகக் குவிந்து, சுடருக்கு ஓரமாய் அசையாமல் நின்றது.